தொண்ணூற்றேழு டிகிரி

அல் கோர் துறையிலிருந்து
பதினோரு கிலோமீட்டர்.
ஆழம் பதினாறு மீட்டர்தான்,
ஐந்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கினால்
தரை தட்டும்.
இதைக் கடல் என்று சொல்லவே
முதல் வருடம் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தத் தண்ணீரில் ரேடியோ அலை
சில சாண் போவதற்குள் செத்துவிடும்.
உப்பு குடித்துவிடும்.
அதனால் ஒலியில் பேசுகிறோம்.

எழுநூறு மீட்டர் தள்ளி, அடியில்,
மஞ்சள் உறை போட்ட மோடம்.
அது சொல்லும் ஒரு சொல்
நேரே ஒருமுறை வரும்,
மேற்பரப்பில் முட்டி ஒருமுறை,
மணலில் பட்டு ஒருமுறை,
மணலில் பட்டு மேலே முட்டி மறுபடி மணலில் பட்டு
கல்யாண வீட்டில் ஒரே சேதி
நாலு அத்தைகள் வாய்வழி வருவதுபோல,
கொஞ்சம் தாமதமாக,
கொஞ்சம் திரிந்து.

போதாததற்கு இறால்.
கொடுக்கைச் சொடுக்கி வெடிக்கும் சுண்டுவிரல் இறால்,
லட்சக்கணக்கில்.
திருச்சியில் எனக்குச் சொல்லித்தந்த இரைச்சல்
மணி வடிவில் அடக்கமாக இருந்தது:
நடுவில் கூட்டம், ஓரங்களில் யாருமில்லை.
இங்கே ஓரத்தில்தான் பட்டாசுக் கடை.

ஆகவே முதலில்
இருவருக்கும் தெரிந்ததையே அனுப்புகிறோம்.
முன்பே பேசிவைத்த அறுபத்துமூன்று குறிகள்,
சேதி ஒன்றுமில்லை.
அவை எப்படிச் சிதைந்து வந்தன என்று பார்த்தால்
இடையில் இருப்பவரின் குணம் தெரியும்.
அந்தக் குணத்தைக் கழித்துவிட்டு
அடுத்து வருவதைப் படிக்கவேண்டும்,
அதுவும் சீக்கிரம்.
காற்று கொஞ்சம் திரும்பினாலும்
கடல் வேறு ஆளாகிவிடும்.

அனுப்பினேன்.
நெய்தலுக்கு இரங்கல் என்று பள்ளியில் படித்ததை
என் நிரலில் டைம்-அவுட் என்று எழுதியிருக்கிறேன்.
நாலு நொடி. அதற்குமேல் இரங்குவதில்லை.
மறுபடி அனுப்பினேன்.

மஃரிப் முடிந்து, படகின் பின்பக்கம்
ஷொஃபிகுல் போரிசாலில் இருக்கும் மகளோடு வீடியோவில்.
விழுந்த பல்லைக் கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறாள்.
பல்லடியில் காய்ந்த ரத்தம்கூடத் தெரிகிறது,
நாலாயிரம் கிலோமீட்டர்.
எனக்கு எழுநூறு மீட்டரில்
இருபத்துநாலு பைட் வரவில்லை.

"நேரே வருவதைவிட இந்த எதிரொலிதானே தெளிவு,"
என்றாள் ஹெஸ்ஸா, திரையில் விரலை வைத்து.
"இதை ஏன் துரத்துகிறோம்?"
மூன்று வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தவள் நான்.
பதில் சொல்லாமல் நிரலைத் திறந்தேன்.

தாமதமாக வந்தவர்களையும் உள்ளே விட்டோம்,
அவரவர் கடிகாரத்தைத் திருத்தி
ஒன்றாகக் கூட்டினோம்.
இறால் வெடித்த இடங்களை
கத்தரி வைத்ததுபோல் வெட்டினோம்.
ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன்.
ஏசி நின்றது.
வியர்வை என் கீபோர்டில் சொட்டியது.

இரண்டு நாற்பதுக்கு வந்தது.
முழு வரி.
நேரம் சரி, ஆழம் சரி, பேட்டரி சரி, உப்பு சரி.
வெப்பம்: தொண்ணூற்றேழு டிகிரி.

ஹெஸ்ஸா குனிந்து
கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள்.
"வேகவில்லை," என்றாள்.

ஒரே ஒரு பிட்.
அறுபத்துநாலின் இடத்தில் இருந்த பூஜ்யம்
ஒன்றாகிவிட்டிருக்கிறது.
முப்பத்துமூன்று என்றுதான் அது சொன்னது;
ஏதோ ஓர் இறால்
எங்கள் கத்தரிக்குத் தப்பி
தன் கருத்தையும் சேர்த்துவிட்டது.

சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை.
விதிப்படி இதைக் குப்பையில் போடவேண்டும்.
போட்டேன்.
போடுமுன் நோட்டில், தேதிக்குப் பக்கத்தில்,
97 என்று எழுதி வட்டமிட்டேன்.

ஜெனரேட்டரைப் போடலாமா என்று
ஷொஃபிகுல் ஜாடையில் கேட்டான்.
இன்னும் ஒருமுறை என்று
இருட்டில் ஒரு விரலைக் காட்டினேன்.
அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ,
போடவில்லை.